அத்தியாயம் 6: ஓர் ஆறு, மூன்று மாநிலம் – பண்டார் பாருவில் சுற்றுலாவைத் திட்டமிடுதல்

பினாங்கிலிருந்து ஈப்போவுக்குக் காரில் போகிறவர்கள் கெடாவின் தென்கோடி மாவட்டத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் ‘பண்டார் பாரு’ என்று ஒரு பலகை வரும், போகும். இறங்கிப் பார்த்தால் கிரியான் ஆறு. இந்தக் கரையில் பண்டார் பாரு. எதிர்க்கரையில் பேராக்கின் பாரிட் புந்தார். ஆற்றோடு கொஞ்சம் கீழே போனால் பினாங்கின் நிபோங் திபால். மாவட்டத்தின் நிர்வாக ஊர் செர்டாங். சுற்றிலும் செம்பனை, மிச்சமிருக்கும் பால்மரம், கம்பங்கள், வயல், தோட்டக் கோயில்கள்.

லங்காவிக்கு இருப்பது போன்ற பெயர் இந்த ஊருக்கு இல்லை. இல்லாததே நல்லது. பெயர் வந்த பிறகு திட்டம் போட உட்காருகிற ஊர்கள், முளைத்துவிட்ட கடைகளுக்கும் விடுதிகளுக்கும் நியாயம் கற்பிக்கத்தான் முடிகிறது. யாரும் வராத இந்த நாளில் உட்கார்ந்தால் எதற்கு இடம் கொடுப்பது, எதற்கு மறுப்பது என்று ஊரே முடிவு செய்யலாம். கோயில் நிர்வாகம், இளைஞர் மன்றம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், கம்பத்துச் செயற்குழு என்று ஏதாவது ஒரு பொறுப்பில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். ‘சுற்றுலா வளர்ச்சி’ என்று கூட்டம் போட்டதும் யாராவது ஒருவர் ஊர் நுழைவாயிலில் வளைவு கட்டலாம் என்பார். இன்னொருவர், பெரிய எழுத்தில் ஊர்ப் பெயரை நிறுத்திவைத்தால் பிள்ளைகள் படம் எடுப்பார்கள் என்பார். இரண்டையும் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பணம் மிஞ்சினால் பார்க்கலாம்.

வருகிறவர் யார்?

யாரும் வருவதில்லை என்று சொன்னது முழு உண்மை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை பெரும் கூட்டம் வருகிறது. அதை நாம் சுற்றுலா என்று எண்ணுவதில்லை, அவ்வளவுதான். தோட்டத் துண்டாடல், பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தொழிற்சாலை வேலை என்று பல அலைகளில் குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் பிறை, புக்கிட் மெர்தாஜாம், கூலிம் என்று போயின. போனவர்கள் மாரியம்மன் திருவிழாவுக்குத் திரும்புகிறார்கள். லயம் இடிந்த இடத்தில் கோயில் மட்டும் நிற்கும் தோட்டங்களில்கூடக் கொடியேற்றத்தன்று வாகனம் நிறுத்த இடமிருக்காது. பிள்ளைகளுக்கு அப்பா ‘இங்கேதான் பெரட்டுக் களம், அங்கே கள்ளுக்கடை’ என்று காட்டுவார். பிறகு? சாப்பாடு அன்னதானத்தில், தண்ணீர் போத்தல் பாரிட் புந்தாரில், இரவுத் தங்கல் பட்டர்வொர்த்தில். இந்த மாவட்டத்தில் அவர்கள் செலவழிக்கும் காசு அர்ச்சனைத் தட்டோடு முடிந்துவிடுகிறது.

ஆகவே திட்டத்தின் முதல் ஆய்வைத் திருவிழாவிலேயே தொடங்குங்கள். பள்ளி மாணவர்கள் நான்கைந்து பேர், ஆளுக்கு ஓர் அட்டை. எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், காரில் எத்தனை பேர், எந்தத் தோட்டத்துக் குடும்பம், இன்று எங்கே சாப்பிட்டீர்கள், எங்கே தங்குகிறீர்கள், இன்னும் அரை நாள் இருந்தால் எதைப் பார்க்க ஆசை. இந்த ஆறு கேள்வி போதும். இரண்டு மூன்று கோயில்களில் இதைச் செய்தால் எந்த ஆலோசனை நிறுவனமும் தர முடியாத பட்டியல் கையில் இருக்கும்.

இரண்டாவது கூட்டம் பினாங்கிலிருந்து வரக்கூடிய அரை நாள் பயணிகள். ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியபின் தீவில் வெளிநாட்டவருக்குக் குறைவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் நெரிசலுக்கு வெளியே ஏதாவது தேடுகிறார்கள். பாரிட் புந்தார், நிபோங் திபால் இரண்டிலும் ரயில் நிலையம் உண்டு. 2016 முதல் பட்டர்வொர்த்திலிருந்து கொமூட்டர் ரயிலும் ஓடுகிறது. பேருந்து நிறுத்துமிடம் கட்டப் பணம் கேட்பதற்கு முன், ரயில் வரும் நேரத்துக்கு ஒரு வேன் நிலையத்தில் நிற்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலும் பேராக்கிலும் சனியும் ஞாயிறும். மூன்று மாநிலத்துக்கும் பொதுவான ஓய்வு நாள் சனிக்கிழமை ஒன்றே. எதையும் முறைப்படுத்தாமல் விட்டால் சனிக்கிழமை மாலையில் எல்லோரும் வந்து விழுவார்கள், மற்ற ஆறு நாளும் படகு கரையில் காயும். வெள்ளிக்கிழமை கெடா பள்ளிகளுக்கு, ஞாயிறு பினாங்குக் குடும்பங்களுக்கு, வாரநாள் வெளிநாட்டவருக்கு என்று கட்டணத்தையும் முன்பதிவையும் பிரித்துவிட்டால் அதே வருமானம் மூன்று மடங்கு அமைதியாக வரும்.

நிலம் யார் பேரில் இருக்கிறது?

திட்ட அறிக்கைகளில் ‘கவரும் இடங்கள்’ என்ற அத்தியாயம் முதலில் வரும். நம் ஊரில் முதல் அத்தியாயமாக வரவேண்டியது நில வரைபடம். தோட்டத்து வீடு தொழிலாளியுடையது அல்ல, நிறுவனத்துடையது. வேலை போனால் வீடும் போகும். அப்படிப்பட்ட வீட்டில் ‘ஹோம்ஸ்டே’ நடத்தலாம் என்று ஒரு குடும்பத்துக்கு ஆசை காட்டுவது தவறு. மலேசிய அரசின் ஹோம்ஸ்டே திட்டம் 1995இல் பகாங் மாநிலத்தின் தெமர்லோவில், டேசா முர்னியில் தொடங்கியது. அது சொந்த வீடும் கூட்டு வாழ்வும் உள்ள மலாய்க் கம்பத்தை மனத்தில் வைத்து உருவானது. விருந்தினர் வீட்டாரோடு தங்கி, அவர்களோடு சாப்பிடுவதுதான் அதன் அடிப்படை. தாமானில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்குக் குளிர்சாதனம் பொருத்தி வாடகைக்கு விடுவதையும் இன்று எல்லோரும் அதே பெயரால் அழைக்கிறார்கள். அது வேறு வியாபாரம்.

மாவட்டத்தில் சொந்த வீடு வைத்திருக்கும் மலாய்க் கம்பங்களோடு கூட்டுச் சேருவதுதான் நடக்கக்கூடிய வழி. தங்கல் அவர்களுடையது, தோட்ட நடை நம்முடையது, படகு இரு தரப்புக்கும் பொது. தனித்தனியாகப் போனால் இரண்டு தரப்பும் மானியத்துக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

நிலம் கையில் இருந்தால் கதை எப்படி மாறும் என்பதற்கு இதே கெடாவில் ஒரு சான்று இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டு சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். நான் சொல்லவருவது அவ்வளவு பெரிய கொள்முதல் இல்லை. ஆற்றங்கரையில் படகுத்துறைக்கும் நான்கு கடைக்கும் போதுமான ஒரு துண்டு நிலத்தைக் கூட்டுறவின் பேரில் வாங்குங்கள் அல்லது நீண்ட காலக் குத்தகைக்கு எடுங்கள். துறை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பிற்காலத்தில் விலை சொல்வார்.

இடங்களைப் பதிவு செய்வதும் இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும். 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை வீடமைப்புக்காக இடித்துத் தள்ளினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கோயில் அடித்தளம். இராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரத்தின் எச்சம். அது தனியார் நிலத்தில் இருந்தது, மரபுரிமைச் சின்னமாக அரசிதழில் வெளியாகியிருக்கவில்லை. தேசிய மரபுரிமைச் சட்டம் 2006 முதல் நடப்பில் இருந்தும் பட்டியலில் இல்லாத சின்னத்தை அது காக்கவில்லை. கடாரத்துச் சண்டிக்கே அந்தக் கதி என்றால் தோட்டத்துப் புகைவீடு, கிராணி பங்களா, பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடம், மயானம் இவற்றுக்கு யார் காவல்? ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் படம் எடுத்து, நில எண்ணோடு, அங்கே வாழ்ந்தவர்கள் சொன்ன இரண்டு பக்கக் குறிப்போடு ஒரு கோப்பாக்குங்கள். ஒரு நகல் மாவட்ட மன்றத்துக்கு, ஒரு நகல் மாநில அருங்காட்சியகத்துக்கு. கோப்பு இருந்தால் இடிப்பதற்கு முன் யாராவது கேள்வி கேட்கவாவது முடியும்.

ஆறு

நிபோங் திபால் பக்கம் கிரியான் ஆற்றில் இரவில் மின்மினி பார்க்கப் படகு விடுகிறார்கள். ‘அங்கே நடக்கிறது, நாமும் பண்டார் பாருவில் ஐந்து படகு வாங்குவோம்’ என்று தோன்றும். வாங்குவதற்கு முன் அந்தப் பூச்சியின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளுங்கள். திட்டத்தின் பாதி அதற்குள் இருக்கிறது.

ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரத்தில் ஒரே தாளத்தில் மினுக்குவது வளர்ந்த பூச்சி. அதன் ஆயுள் சில வாரம். புழுப்பருவம் மாதக்கணக்கில் நீளும். அது கழிவது மரத்தின் மேலே அல்ல, கரைக்குப் பின்னால் ஈரமான தரையில், நீப்பாவுக்கும் ரும்பியாவுக்கும் அடியில், சிறு நத்தைகளைத் தின்று. சுற்றுலாக்காரன் பார்ப்பது ஆற்றை ஒட்டிய ஒரு வரிசை மரத்தை. பூச்சி வாழ்வதோ அதற்குப் பின்னால் இருக்கும் புதரில். அந்த வரிசையை மட்டும் விட்டுவிட்டுப் பின்புறம் முழுவதையும் செம்பனைக்கு வெட்டினால் இரண்டொரு ஆண்டு விளக்கு எரியும், பிறகு அணையும். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வாய்க்கால் வழியாக ஆற்றுக்கு வந்தாலும் அதே முடிவுதான். பெரெம்பாங் உப்பும் நன்னீரும் கலக்கும் ஓதப் பகுதியில் வளரும் மரம்; மேல்பகுதியில் நீரை அதிகமாக எடுத்தாலோ தடுத்தாலோ அந்தக் கலவை மாறிவிடும்.

ஆகவே மின்மினித் திட்டத்தின் முதல் செலவு படகு அல்ல, கரை. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்கம் வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி. வரைபடத்தில் இருக்கும் அந்த 50 மீட்டர் தரையில் எத்தனை மீட்டராக நிற்கிறது என்று ஒரு நாள் அளவுநாடாவோடு நடந்து பாருங்கள். செம்பனை ஆற்றை முட்டி நிற்கும் இடங்களைக் குறித்து, தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: அடுத்த மறுநடவில் அந்த வரிசைகளை விட்டுத்தர முடியுமா? நிலைத்த செம்பனைச் சான்றிதழ் வைத்திருக்கும் தோட்டங்களுக்கு ஆற்றோர ஒதுக்கம் நிபந்தனைகளில் ஒன்று. கேட்டால் தட்டிக்கழிப்பது அவர்களுக்குச் சுலபமில்லை. செம்பனையை மறுநடவு செய்வது சுமார் 25 ஆண்டுக்கு ஒருமுறை. இந்த முறை தவறவிட்டால் நம் பிள்ளைகள்தான் அடுத்த மனுவை எழுதுவார்கள்.

அடுத்த சிக்கல் அதிகாரம். மலேசிய அரசியலமைப்பின் 9ஆம் அட்டவணைப்படி நிலமும் நீரும் மாநில அதிகாரத்தில் அடங்கும். படகு புறப்படுவது பினாங்குத் துறையில், மரம் நிற்பது பேராக் கரையில், வாய்க்கால் இறங்குவது கெடாத் தோட்டத்திலிருந்து என்றால் பூச்சிக்கு மூன்று மந்திரி சபை. கெடா மட்டும் விதி போட்டால் படகு எதிர்க்கரையிலிருந்து வரும். எனவே விதிகள் குறைவாகவும் மூன்று பக்கமும் ஒன்றாகவும் இருக்க வேண்டும்: வேக வரம்பு, கைவிளக்குக்கும் படமெடுக்கும் ஒளிக்கும் தடை, மரத்திலிருந்து விலகி நிற்கும் தூரம், கிளை ஒடித்துக் காட்டுவதற்குத் தண்டனை. கோலா சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகில்தான் கூட்டிப்போகிறார்கள். அங்கே ஆற்றில் சத்தம் இல்லை, கரையை அரிக்கும் அலையும் இல்லை. நமக்கு மின்சார மோட்டாராவது வேண்டும்.

எத்தனை பேரை ஏற்றலாம்? இதற்குச் சூத்திரம் இருக்கிறது. கோஸ்டாரிக்காவில் மிகேல் சிஃபுவெந்தெஸ் 1992இல் எழுதிவைத்த முறையைத்தான் பல நாட்டுப் பூங்காக்கள் இன்றும் சிற்சில மாற்றங்களோடு பயன்படுத்துகின்றன. முதலில் இடம் கொள்ளும் அளவு, அதிலிருந்து இயற்கை கழிக்கும் நாட்கள், அதிலிருந்து நம் நிர்வாகத் திறன் கழிக்கும் பகுதி.

நம் ஆற்றுக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இருட்டு 8 மணிக்கு முழுதாக விழுகிறது என்று கொள்வோம். 8 முதல் 10 வரை, 20 நிமிடத்துக்கு ஒரு படகு, ஒரு படகில் 10 பேர். ஏழு படகு, 70 பேர். மாதத்தில் நிலவு நன்றாகக் காயும் இரவுகளும் மழை இரவுகளும் பத்து போகும்; மிச்சம் 20 இரவு. மாதத்துக்கு 1,400 இருக்கை. ஆளுக்கு 30 ரிங்கிட் என்றால் எல்லாம் நிரம்பினால் 42,000 ரிங்கிட்; பாதிதான் நிரம்பும் என்று வைத்துக்கொண்டால் 21,000. இதில் படகோட்டிகள், வழிகாட்டிகள், காப்புறுதி, துறைப் பராமரிப்பு, கரையில் கன்று நடும் நிதி எல்லாம் அடங்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட். ஆகவே இது ஐந்தாறு குடும்பங்களுக்கு முழுநேர வேலை, இன்னும் சிலருக்கு மாலைநேரக் கூடுதல் வருமானம். ஊரே பணக்காரராகும் என்று மேடையில் பேசுகிறவரிடம் இந்தக் கணக்கை நீட்டுங்கள்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: 44 இருக்கைச் சுற்றுலாப் பேருந்து இரண்டு வந்தால் ஓர் இரவின் எல்லை உடைந்துவிடும். ‘இன்றைக்கு மட்டும்’ என்று முகவர் தொலைபேசியில் கெஞ்சும்போது மறுப்பதற்கு ஒரு விதி எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்த விதியை நீதிமன்றம்தான் போட வேண்டியிருந்தது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ். பிறகு 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது. வியாபாரிகள் கடையடைத்து எதிர்த்தார்கள். எல்லையைக் கடந்து பல ஆண்டு கழித்து வரம்பு வைத்தால் அப்படித்தான் ஆகும்.

படகு வாங்கும் முன் ஓராண்டு எண்ணுங்கள். குறிப்பிட்ட பத்து மரம், மாதம் இரண்டு இருட்டு இரவு, ஒரே நேரம், ஒரே ஆள். ‘நிறைய, கொஞ்சம், இல்லை’ என்று எழுதினாலே போதும். இந்த ஏடு இல்லாமல் நடத்தினால் மூன்றாம் ஆண்டில் பூச்சி குறைந்ததா, நம் கண்தான் பழகிவிட்டதா என்று யாருக்கும் தெரியாது.

பால்மரக் காட்டில் ஒரு காலை

அடுத்தது தோட்ட நடை. இதை எல்லோரும் கெடுக்கும் விதம் ஒன்று உண்டு: பத்து மணிக்கு விருந்தினரைக் கூட்டிவந்து, வெட்டாத மரத்தில் ஒரு கீறல் போட்டு, சொட்டுகிற பாலைக் காட்டி, கைதட்டச் சொல்லி அனுப்பிவிடுவது. பால்வெட்டு விடியலுக்கு முந்திய வேலை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால்தான் நம் பாட்டிமார்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நடந்தார்கள். நடையும் அந்த நேரத்தில்தான் தொடங்க வேண்டும். ஐந்தரைக்கு எழுந்து வர விருப்பமுள்ளவர் மட்டும் வரட்டும்; கூட்டத்தைக் குறைக்க அதைவிடச் சிறந்த வேலி இல்லை.

வெட்டு இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சாய்வாக இறங்கும். பட்டையை மட்டும் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புண் கட்டி, புதுப் பட்டை முண்டு முண்டாக வளரும். பல ஆண்டுக்குப் பிறகு அங்கே மறுபடி வெட்ட வருகிறவர் முன்னவரைத் திட்டுவார். பழைய வெட்டுக்காரர் ஒருவர் மரத்தைத் தடவிப் பார்த்தே ‘இது பழகாத கை’ என்று சொல்லிவிடுவார். விருந்தினருக்கு இதைக் காட்டுங்கள். உளியை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பால், வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் இரண்டையும் கையில் எடுத்து முகரச் சொல்லுங்கள். நாற்றம் ஒரு நாள் முழுக்கப் போகாது. இரண்டு வாளியைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு நூறு அடி நடக்கச் சொன்னால் தொழிலாளியின் தோள்பட்டையைப் பற்றி நீங்கள் பேச வேண்டியதில்லை. மழை பெய்த காலையில் வெட்டு கிடையாது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலையுதிர் காலத்தில் பால் குறையும். அந்த நாட்களில் ‘இன்று வேலை இல்லை, கூலியும் இல்லை’ என்பதையே கதையாகச் சொல்லலாம்.

கதை சொல்வதில் நேர்மை வேண்டும். 1942, 43இல் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களின் பெயர் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் உயிர் காத்த மரவள்ளிக்கிழங்கை அவித்து, கருவாட்டுச் சம்பலோடு காலைப் பசியாறலாக வைத்தால் அந்த வரலாறு நாக்கில் நிற்கும். அதே நேரம், இன்று தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நிறையப் பேர். நேற்றைய தமிழ்க் கூலிக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டே அவர்களைக் கண்டும் காணாமல் கடந்துபோகும் நடைப்பயணம் எனக்கு உவப்பில்லை. அவர்களைப் படமெடுக்க வேண்டாம். அவர்கள் இங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்று வழிகாட்டி இரண்டு வாக்கியம் சொல்லட்டும்.

பேய்க்கதை பற்றி ஒரு சொல். நிபோங் திபாலின் கலிடோனியா தோட்டத்தில் இருக்கும் ‘99 கதவு மாளிகை’க்கு ஆவி பார்க்க இளைஞர்கள் போகிறார்கள். ராம்ஸ்டன் குடும்பத்தின் வீடு. 1948இல் அந்தக் குடும்பத்தவர் ஒருவர் அங்கே கொலையுண்டார். கரும்புக் காலத்திலிருந்தே இந்த வட்டாரத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் வந்தார்கள் என்பதோ அவர்கள் உழைப்பில்தான் அந்த மாளிகை எழுந்தது என்பதோ ஆவி தேடுகிறவர் காதில் விழுவதில்லை. பேயை விற்றால் கூட்டம் சீக்கிரம் வரும், சுவரில் கிறுக்கிவிட்டுப் போகும். வேண்டாம்.

பணம் எங்கே போகிறது?

பினாங்கிலிருந்து வரும் ஒருவர் ஒரு நாளைக்கு 100 ரிங்கிட் செலவழிக்கிறார் என்று வையுங்கள். வேன் தீவு நிறுவனத்துடையது, வழிகாட்டி தீவுக்காரர், மதிய உணவு நெடுஞ்சாலை ஓய்விடத்தில், தண்ணீரும் பலகாரமும் பேரங்காடியில் வாங்கியவை என்றால் நம் மாவட்டத்தில் தங்குவது படகுக் காசு மட்டும். பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதைவிட அந்த 100இல் நம் பங்கை உயர்த்துவது சுலபம். ஆற்றுக்கும் கூடுதல் பாரமில்லை.

கேரளத்தின் குமரகத்தில் 2008இல் செய்து பார்த்தார்கள். ஏரிக்கரை விடுதிகள் காய்கறியை வெளியூரிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தன. ஊராட்சி, விடுதிகள், குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் உட்கார்ந்து பேசி, என்ன பொருள், என்ன விலை என்று முன்கூட்டியே முடிவு செய்து உள்ளூரில் பயிரிட்டார்கள். அந்த அனுபவத்தின் மேல்தான் 2017இல் கேரள அரசு பொறுப்புச் சுற்றுலாவுக்கென்று தனி அமைப்பையே நிறுவியது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ‘முன்கூட்டியே’ என்பதை. சனிக்கிழமை 70 பேர் என்று நம் முன்பதிவு ஏடு வியாழனே சொல்லிவிடும். அன்றே செர்டாங் காய்கறிக்காரருக்கும் கம்பத்து மீன்காரருக்கும் தகவல் போகலாம். பழக் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, டுரியான் தோட்டக்காரரிடம் பேசிவைத்தால் தனிச் செலவே இல்லாமல் ஒரு நிகழ்ச்சி கூடும்.

சாக்கடையும் குப்பையும்

இது சின்னப் பகுதி, ஆனால் ஊர்கள் தோற்பது இங்கேதான். பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவைக் கழிவுநீர்க் கேட்டுக்காக 2018இல் ஆறு மாதம் மூடிவிட்டார்கள். துறையில் கழிப்பறை கட்டினால் அதன் தொட்டி எங்கே, யார் எப்போது உறிஞ்சி எடுப்பார் என்பதை வரைபடத்தோடு எழுதுங்கள். சாப்பாட்டுக் கடைக்கு எண்ணெய்ப் பிடிப்பான் இல்லாமல் அனுமதி தராதீர்கள். நெகிழிப் போத்தலை விற்காமல் குடிநீர்க் குழாய் வையுங்கள்.

யாரிடம் போவது?

நிலத்துக்கு மாவட்ட நில அலுவலகம், கட்டடத்துக்கும் கடைக்கும் பண்டார் பாரு மாவட்ட மன்றம், இரண்டுமே செர்டாங்கில். கரை ஒதுக்கத்துக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறை. ஹோம்ஸ்டே பதிவுக்கும் வழிகாட்டி உரிமத்துக்கும் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் மாநில அலுவலகம். நாடெங்கும் கூட்டிப்போகும் வழிகாட்டிக்கு நீல அட்டை, குறிப்பிட்ட இயற்கைத் தலத்துக்குப் பச்சை அட்டை; நம் இளைஞர்களுக்குப் பச்சை போதும். சொந்த வேனில் காசு வாங்கி ஆள் ஏற்றுகிற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கும்.

‘2026 மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு’ போன்ற விளம்பரங்களை நம்பி அவசரப்பட வேண்டாம். இங்கே சொன்ன வேலைகளுக்கு, ஆய்வு, கோப்பு, எண்ணிக்கை ஏடு, கூட்டுறவுப் பதிவு என்று, நிதானமாகப் போனால் இரண்டு ஆண்டு பிடிக்கும். மூன்று மாநிலத்து அதிகாரிகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் ஆற்றுக் கூட்டத்தை அதற்குள் ஒருமுறையாவது கூட்டிவிடுங்கள். கெடா அலுவலகம் ஞாயிறு முதல் வியாழன் வரை, மற்ற இரண்டும் திங்கள் முதல் வெள்ளி வரை. அழைப்பிதழில் போடத்தக்க நாள் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் மட்டுமே.